முகத்துவாரம் வெட்டிய மாமா

சைகோனில் வேலைபார்த்த என் தாய்மாமா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எதையாவது சீர்திருத்திவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். ஒருமுறை கோழிக்கூடு. இன்னொரு முறை அண்ணனின் கையெழுத்து. எனக்கு ஏழு வயதான கோடையில் ஆற்றையே கையில் எடுத்துக்கொண்டார்.

பாஸ்குப் பண்டிகை முடிந்த வாரம். அரியாங்குப்பம் ஆற்றின் வாயைக் கடல் மணல் தள்ளி அடைத்திருந்தது. உள்ளே தேங்கிய தண்ணீர் காலைச் சுட்டது. கடலில் பொரித்து, ஆற்றுக்குள் வளர வந்த மடவை மீன்குஞ்சுகள், விரல்நகம் அளவுதான் இருக்கும், கரையோரம் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"மூச்சு முட்டுது பாரு. கடலுக்கு வழி வுட்டா பொழைச்சிக்கும்" என்றார் மாமா.

அவரும் அண்ணனும் மண்வெட்டியால் மணல்திட்டை வெட்டினார்கள். நான் கையால் வாரிப்போட்டேன். முதலில் கயிறுபோல ஓடிய தண்ணீர் சற்று நேரத்தில் இரு கரையையும் இடித்துக்கொண்டு பாய்ந்தது. நாங்கள் கைதட்டினோம்.

கடல் உள்வாங்கியிருந்த நேரம் அது. தண்ணீர் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆறு இருந்த இடத்தில் வெறும் சேறு. கடலுக்குப் போனவை கொஞ்சம்தான். மற்றவை பாசியிலும் பள்ளத்திலும் சிக்கி, சேறு முழுக்கத் துடித்தது.

சற்றுத் தள்ளி கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண் பறிக்கூடையோடு ஓடிவந்தாள்.

"யாரு வெட்டுனது?"

"நாந்தாம்மா" என்றார் மாமா.

"இதுங்க பெருசானாத்தான் எங்களுக்குச் சோறு, முசே."

பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் தொப்பி வைத்த எல்லோரும் முசேதான், துரை என்பதுபோல. மாமா அந்தத் தொப்பியைக் கழற்றி, குஞ்சுகளை அள்ளிக்கொண்டு மிச்சமிருந்த குட்டைக்கு ஓடினார். அந்தப் பெண்ணும் பறியிலிருந்த இறாலைக் கவிழ்த்துவிட்டு அதில் அள்ளினாள். நான் பாவாடையில் ஏந்தி ஓடினேன். பாதி வழியிலேயே சிந்தின. குட்டைத் தண்ணீர் இன்னும் கொதித்தது. விட்டவை எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மாமா மட்டும் வெகுநேரம் அள்ளிக்கொண்டே இருந்தார்.

விடுமுறை தீருமுன்பே அவர் கிளம்பிவிட்டார். அதுவரை என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் சிந்தியதில்தான் கோபம் என்று நினைத்தேன். கப்பல் ஏறும் பாலத்தில் அவர் கையைப் பிடித்து, "இனிமே கீழ சிந்தமாட்டேன், மாமா" என்றேன்.

அவர் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கடல்காற்றுக்கு இருமல் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.