பகா எண்ணும் இஸ்திரிப் பெட்டியும்

மேசை மின்விசிறியைக் கணவரின் முகத்திலிருந்து திருப்பி, கம்ப்யூட்டரின் முதுகுக்குக் காட்டுகிறார் எக்ஸ்சேஞ்ச் அக்கா. தையல் மிஷினில் குனிந்திருக்கிறவரின் நெற்றியில் வியர்வை வழிகிறது. "உங்களுக்கு வேர்த்தா துடைச்சுக்கலாம். அது சூடானா நின்னுடும்ங்க" என்று ஒரு சமாதானமும் உண்டு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெறும்வரை ஊரார் எண்களையெல்லாம் இணைத்துவைத்தவர். இப்போது எதனோடும் ஒட்டாத எண்ணைத் தேடுகிறார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண். சின்னச் சின்னதெல்லாம் அவருக்கு ஆகாது. இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருகிற ராட்சசன்தான் வேண்டும். எழுதி முடிக்க வீட்டுச் சுவர்கள் போதாது. அது பகா எண்தானா என்று கம்ப்யூட்டர் ஒன்றரை மாதமாகப் பெருக்குவதும் மீதி பார்ப்பதுமாக இருக்கிறது. சாதாரண வகுத்தலுக்குத் தலைகீழ் இந்தச் சோதனை. கடைசியில் மீதி பூஜ்யம் வந்தால்தான் பகா எண், ஜெயம். உலகில் யாரும் காணாத எண்ணை முதலில் கண்டவர் அக்கா என்றாகும். இந்த ஆசையை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, காய்கறிக்காரரைத் தவிர.

ஆபத்து இஸ்திரிப் பெட்டியால்தான். ஒருநாள் இரண்டும் சேர்ந்து ஓடியதில் ஃபியூஸ் போய், அரை நாள் கணக்கு பாழாயிற்று. அன்றுமுதல் பெட்டிக்கு வீட்டில் தடை. தைத்த சட்டைகளைத் தூக்கிக்கொண்டு தையல்காரர் எதிர்வீட்டுக்குப் போகிறார். "அதுக்கு மாப்பிள்ளை உபசாரம். நான் சட்டையும் பெட்டியுமா அலையறேன்" என்று அங்கே புலம்புவார். அந்த வீட்டுக் காபி நன்றாக இருக்கும் என்பதை மட்டும் இங்கே சொல்வதில்லை.

முடிவு வந்த மாலை, அக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"மீதி பூஜ்யம் வரலை. பகா எண் இல்லையாம். வகுபடுமாம்."

"எதால?"

"அதைச் சொல்லாதுங்க. இந்தச் சோதனை அப்படித்தான். வகுபடும்னு மட்டும் அடிச்சுச் சொல்லும். எதாலன்னு நாமதான் தேடணும்."

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உன் கோபம் மாதிரியேல்ல இருக்கு! தப்பு என் மேலன்னு மட்டும் சொல்லுவே. என்ன தப்புன்னு முப்பது வருஷமா நான் தேடிட்டிருக்கேன்."

அக்கா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எழுந்துபோய்த் தாமே இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து செருகினார். மின்விசிறியைக் கணவர் பக்கம் திருப்பிவைத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து முகத்தில் காற்று பட்டது. ஆனாலும் கம்ப்யூட்டர் இரைச்சல் இல்லாத வீடு தையல்காரருக்கு என்னவோ போலிருந்தது. மனைவியைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாதிச் சட்டையில் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றினார்.

"அடுத்த எண்ணை ஆரம்பிம்மா. நான் எதிர்வீட்டுக்குப் போறேன்."

"வேண்டாங்க" என்று ஒரு வார்த்தை வருமென்று வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தார். செருப்பு மாட்டுவதுபோல இன்னும் கொஞ்சம் தாமதித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

அக்கா அதற்குள் மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.