அன்னத்தின் கன்னத்தில் ஒரு கிளிக்

கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோ திறந்திருக்கும்போது, பின்னால் இருப்பதைத் தொட்டால் அது முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான். வந்த கையோடு உள்ளே புகுந்து வேலையும் செய்துவிடக் கூடாது. ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் நான் இதைப் பயந்து பயந்து கற்றுக்கொண்டேன்.

எங்கள் கடை மென்பொருளுக்கு அந்த நாகரிகம் கிடையாது. பழைய புடவையின் போட்டோ ஒரு விண்டோவில், நான் வரையும் கட்டங்கள் இன்னொன்றில். கட்டங்களுக்குத் திரும்பக் கிளிக் செய்தால் விண்டோ முன்னால் வரும். கிளிக் பட்ட இடத்தில் ஒரு புள்ளியும் விழும். மவுஸ் கொஞ்சம் இழுபட்டால் கோடே விழும். அதனால் விண்டோவின் மேல்பட்டையில் மட்டுமே கிளிக் செய்வேன். ஒரு நாள் முதலாளி "ஜல்தி, ஜல்தி" என்று தலைமேல் நின்றார். மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அன்று வரைந்த கோப்பைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பார்டர் அன்னத்தின் கன்னத்தில் ஒரு புள்ளி. அதற்குள் என் கட்டங்களின்படி தறி அட்டைகளில் ஓட்டை அடித்து, அவற்றைக் கோத்து, நெசவாளர் வீட்டுத் தறியிலும் ஏற்றியாகிவிட்டது. அட்டைக்குத் தெரியுமா அது தப்பென்று? ஒவ்வோர் அன்னத்துக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போகும். முதலாளி புடவையைப் புரட்டிப் பார்த்து, நெசவுத் தப்பு என்று தள்ளிவிடுவார்; பழி நெசவாளர் தலையில் விழும்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். நெசவாளர் வீட்டு வாசலிலேயே தறிச்சத்தம் கேட்டது; நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா. அன்னத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சிகீறியே, சோக்காகீது! வூட்ல எல்லாரையும் கூப்ட்டுக் காட்டிகினு இருந்தேன்."

"ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது.

"இல்லீங்கண்ணா. என் கைத்தப்பு. தெரியாம விழுந்துச்சு."

தறி மிதியிலிருந்து அவர் காலை எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவர் அந்த அட்டையைத் தேடிப்பிடித்து, தப்பான ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைத்தார். பிறகு நெய்து முடிந்த அன்னங்களை விரலால் தொட்டு எண்ணினார். பதினொன்று.

"ஒக்காரும்மா. ஜரிகை அறுந்துடப் போவுது, மெதுவாப் புடிச்சிக்கோ."

நெய்ததை அவர் ஒவ்வோர் இழையாக உருவ, நான் சுற்றிக்கொண்டே வந்தேன். முதல் அன்னம் பிரிந்து முடியவே மதியமாகிவிட்டது. இன்னும் பத்து இருந்தன.