அண்ணி சமைக்க மாட்டாங்களாமே

அந்த ஓட்டக் குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணி. தலை நரைத்த பயிற்சியாளர்கூட, "அண்ணி, தோளை இறக்கிட்டு ஓடுங்க" என்றுதான் குரல் கொடுப்பார். முதல் நாள் பூங்காவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போன நாத்தனார், "இவங்க எங்க அண்ணி" என்று சொல்லி நிறுத்தியதோடு சரி. அதன் பிறகு அவள் பெயரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

பெரிய மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சுருக்கம் நீக்கி, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வருவதை இன்னொருத்தி வாங்கி மடிப்பாள். நாள் முழுக்க நின்றபடிதான். நீராவியில் கண்ணிமைகூட வியர்த்துவிடும். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காரத் தோன்றுமே தவிர, ஓடத் தோன்றுமா?

ஓட ஆசைப்பட்டது நாத்தனார். கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காரும் வேலை. அங்கே நாளெல்லாம் சிரித்துவிட்டு வந்து, மாடிக்கு ஏறியதும் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தால் பாதி மிச்சமாகக் கீழே வரும். அப்படி இருந்தவள் ஒருநாள் இறங்கி வந்து, மாரத்தான் ஓடப்போகிறேன், குழுவில் சேர்ந்துவிட்டேன் என்றாள்.

அவளுடைய அண்ணன், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன், அதிகம் பேசாதவன், மனைவியைத் தனியே கூப்பிட்டான். "அவளத் தனியா விடாத. நீயும் கூடப் போ. ஒப்புக்கு ரெண்டு சுத்து நடந்துட்டு வா, போதும்."

ஒப்புக்குப் போனவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வியர்வை அவளுக்குப் புதிதில்லை. காற்றடிக்கும் இடத்தில் வியர்ப்பதுதான் புதிது. பகலெல்லாம் நின்று நின்று மரத்துப்போன கால்கள் ஓடும்போது வேறு யாருடைய கால்களோ போல லேசாகிவிடும். ஆனால் தூரம் கூடக் கூட முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. பாதி மாரத்தானோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றாள்.

"நீங்க விட்டா நானும் விட்டுடுவேன் அண்ணி" என்றாள் நாத்தனார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "சேர்ந்து ஆரம்பிச்சோம். முடிவுக் கோட்டையும் சேர்ந்தே தாண்டுவோம்." அந்த ஒரு வார்த்தைக்காக முழங்காலில் பட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடினாள்.

குழுவில் பலர், நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பண்ணையில் முன்பணம் கட்டிப் பங்கு சேர்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்கா வாசலுக்கு ஒரு சிறு லாரி வரும்; ஆளுக்கொரு மரப்பெட்டி காய்கறி இறங்கும். கேட்டது வராது, விளைந்ததுதான் வரும். நாத்தனாரும் ஒரு பங்கு சேர்ந்தாள். சேர்ந்தாளே தவிர, டர்னிப்புக்கும் நூல்கோலுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டி நேராகக் கீழ்வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடும்.

அண்ணிக்கும் முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு வாரம் பெட்டி நிறைய முட்டைக்கோஸ். வீணாக்க மனமில்லாமல், ஒரு விடுமுறை நாளில் இருவர் மட்டும் ஓடவிருந்த நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் மூன்று வேளையும் அதையே சமைத்துப் போட்டாள். மறுநாள் பாதி வழியில் இரண்டு பேருக்கும் வயிறு கடமுடவென்று கலக்க, பெட்ரோல் பங்கில் கழிப்பறைச் சாவிக்குக் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். இன்னொரு வாரம் பீட்ரூட். காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து, ஓடி ஓடிக் குடல் கிழிந்துவிட்டது என்று முடிவுகட்டி, வெளிறிய முகத்தோடு வேலைக்குப் போனாள். விரிப்பு மடிப்பவள் அவளை மேலே நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போனாள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று நர்ஸ் கேட்ட பிறகு மூவரும் சிரித்த சிரிப்பில், வரிசையில் இருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படிப் பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். ஓட்டத்துக்கு முந்தைய நாள் நார் குறைவாக, சர்க்கரைவள்ளியும் சோறுமாக வயிற்றைச் சமாதானமாக வைக்க வேண்டும். கீரையும் கோஸும் ஓடி முடித்த பிறகு. பீட்ரூட் தண்டைத் தூக்கிப் போடாமல் பூண்டோடு வதக்கினால் அதற்கே இன்னொரு தட்டு சோறு இறங்கும். சர்க்கரைவள்ளியை வேகவைத்து மசித்து, ஓட்ஸும் எள்ளும் சேர்த்துச் சதுரமாகச் சுட்டு வைத்தாள். ஓடும்போது பையில் போட்டுக் கடித்துக்கொள்ளலாம், உதிராது. அந்தச் சதுரம் சரியாக வருவதற்குள் எத்தனை தட்டு கருகியது என்பது அடுப்புக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழு சேர்ந்து நீண்ட தூரம் ஓடும். அவளுக்கு அன்று காலை வேலை. மத்தியானம் தனியாக ஓடிக்கொள்வாள். அதனால் நாத்தனாரிடம் டப்பா நிறையக் கொடுத்து அனுப்புவாள்.

"எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிருக்கு அண்ணி. அடுத்த வாரம் கொஞ்சம் கூடவே வைங்க."

கூடவே வைத்தாள்.

போட்டிக்கு முன் கடைசி நீண்ட ஓட்டம் வந்தது. ஒரு தடவையாவது எல்லோரோடும் ஓட வேண்டும் என்று மடிப்பவளிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொண்டாள். நாத்தனார் ஆச்சரியப்படட்டுமே என்று சொல்லாமலே போனாள். ஆனால் நாத்தனார் அன்று ஓடவில்லை. பண்ணைக்காரரோடு ஏதோ பேச்சு இருக்கிறது என்று டப்பாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பிறகு வருவாள் என்றார்கள். ஓடி முடித்து, மரத்தடி மேசைக்கு மூச்சு வாங்க வந்தவளிடம், குழுவில் ஓடும் ஒரு வங்கி ஊழியை டப்பாவை நீட்டினாள். முந்தின நாள் அவளே அடுக்கி, காலையில் நாத்தனாரிடம் கொடுத்த டப்பா.

"சாப்பிடுங்க அண்ணி. உங்க நாத்தனார் கை மணம். நீங்க குடுத்து வச்சவங்க, வீட்லயே இப்படி ஒரு ஆளு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "இது..." என்று ஆரம்பித்தாள்.

"வேலைக்கும் போயிட்டு, ஓடிட்டு, இத்தனையும் எப்படித்தான் செய்றாங்களோ" என்றாள் வங்கி ஊழியை. பிறகு செல்லமாக ஒரு சிரிப்பு. "நீங்க அடுப்புப் பக்கமே போக மாட்டீங்களாமே? அண்ணி சமைக்க மாட்டாங்க, எல்லாம் நாந்தான்னு சொல்லிட்டிருந்தாங்க."

பயிற்சியாளரும் வந்து சேர்ந்தார். "பண்ணையில வாராவாரம் சமையல் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருக்காங்களே, தெரியும்ல? போட்டியன்னிக்கு முடிவுக் கோட்டுகிட்ட உணவு மேசை அவங்க பொறுப்பு. அதுக்காக ஓட்டத்துலேருந்து பேரையே திரும்ப வாங்கிட்டாங்க. நீங்க தனியா ஓட ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. பெரிய மனசு உங்களுக்கு."

அப்போது பார்த்து நாத்தனார் வாசல் பக்கமிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். மேசையருகே அண்ணியைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது, முகம் சுண்டிப்போனது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் உடைந்துவிடும். அந்த வார்த்தை அண்ணியின் நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் வைத்த சாப்பாட்டுத் தட்டுகள் நினைவுக்கு வந்தன. "ஆமா, நல்லாச் சமைப்பா" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சதுரத்தை மென்று விழுங்கினாள்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் வைத்துத்தான் கேட்டாள். கணவன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நானாச் சொல்லல அண்ணி" என்றாள் நாத்தனார். "முதல் தடவை, நீங்களா செஞ்சீங்கன்னு கேட்டாங்க. தலையாட்டிட்டேன். என்னப் பாத்து ஒருத்தங்க நல்ல வார்த்தை சொல்லி எத்தன நாளாச்சு தெரியுமா?"

"சரி. அடுத்த வாரம் திருத்தியிருக்கலாமில்ல?"

"திருத்தினா அங்க நான் யாரு? புருஷன் விட்டுட்டுப் போனவ. அவ்வளவுதான?"

"நான் சமைக்கவே மாட்டேன்னு சொன்னியே, அது எதுக்கு?"

நாத்தனார் காலி டப்பாக்களை அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். "நம்ம வீட்டுச் சாப்பாடுதான அண்ணி. உங்க பேரு, எம் பேருன்னு பிரிக்கணுமா?" என்றாள்.

அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா?"

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றான். "ஆரம்பத்துலயே சொன்னா. கொஞ்சம் சிரிச்சுட்டு நடமாடுறாளே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். உனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது?"

நாத்தனார் காலை வாரியது வலித்தது உண்மைதான். ஆனால் அவள் நொடிந்துபோயிருந்தவள், எதையோ பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தவள் என்று மனசு அவளுக்காகக் கொஞ்சம் வாதாடவும் செய்தது. இவனுக்காக வாதாட மனசில் ஆளில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வேர்க்க விறுவிறுக்க டப்பா அடுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஒரு நாளாவது மூச்சு விடவில்லை. வெங்காயம்கூட நறுக்கிக் கொடுத்திருக்கிறான், எல்லாம் தெரிந்துகொண்டே.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கழுவாமல், நறுக்காமல் மாடி வாசலில் வைத்தாள். சாயங்காலம் நாத்தனார் கையில் ஒரு நூல்கோலோடு இறங்கி வந்தாள். பண்ணையில் முதல் சமையல் வகுப்பு மறுநாள்.

"இத என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணி."

"கத்துத் தர்றேன், எல்லாத்தையும். யார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு நாளைக்கு அங்க சொல்லிடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

நாத்தனார் நூல்கோலைக் கையில் ஒரு தரம் உருட்டினாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

போட்டியன்று அண்ணி தனியாகத் தொடக்கக் கோட்டில் நின்றாள். கணவன் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். முதல் பாதிவரைக்கும் கோபம் ஓட்டிக்கொண்டு போனது. வங்கி ஊழியையின் சிரிப்பு, தட்டின் மேல் குனிந்த கணவனின் தலை, "என்ன குறைஞ்சிடப்போகுது" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளின. அதற்குப் பிறகு கோபமும் களைத்துவிட்டது. தொழிற்சாலைச் சுவர் ஓரமாக நீண்டுகொண்டே போன ஒரு சாலையில் முழங்கால் முரண்டு பிடிக்க, நடந்தாள், அழுதாள், யாரோ நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஓடினாள். கோட்டைத் தாண்டியபோது அவளுக்கென்று கைதட்ட யாருமில்லை. கழுத்தில் பதக்கம் மாட்டிய பெண் மட்டும், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

உணவு மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். நாத்தனார் ஏப்ரனோடு நின்று சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழுவினர் சிலர் சுற்றி நின்றார்கள். அண்ணி கோப்பையை வாங்கினாள். பசிக்கு வீம்பு தெரியாது. ஒரு மிடறு குடித்தாள். தண்ணீர் தனியாக, காய் தனியாக நின்றது.

"எப்படி அண்ணி?" என்றாள் வங்கி ஊழியை. "இன்னிக்கு என்னவோ கொஞ்சம் வேற மாதிரி இருக்கு, இல்ல?"

"இது அவ செஞ்சது" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை; உயர்த்த மூச்சும் இல்லை. "இதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட்டதெல்லாம் நான் செஞ்சது."

நாத்தனார் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். மறுக்கவில்லை. அண்ணி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சமையல் வகுப்பு இரண்டாவது வாரத்தோடு நின்றுபோனது. மழைக்காலம் முடிவதற்குள் நாத்தனார் பல் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். போகும்போது, "வர்றேன் அண்ணி" என்றாள். "சரி" என்றாள் இவள். பண்ணையிலிருந்து ஆள் அனுப்பி, அந்த வகுப்பை நீங்கள் எடுப்பீர்களா என்று கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்றுவிட்டாள். அந்த மேசைக்குப் பின்னால் போய் நிற்க அவளுக்குக் கூசியது.

பெட்டி இன்னும் வருகிறது. இப்போது விரிப்பு மடிப்பவளோடு பாதிப் பங்கு. குழுவுக்குப் போவதில்லை, வேலை முடிந்து ஆற்றோரமாகத் தனியே ஓடுகிறாள்.

கணவன் பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டான். "இன்னும் கோவம் போகலையா?"

"கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

"அப்புறம் என்ன?"

அவள் பீட்ரூட் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "இப்ப நீங்க சாதாரணமா ஒண்ணு சொன்னாக்கூட, இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்குன்னு தோணுது" என்றாள். "அது நானா நினைச்சு நிறுத்தக்கூடியதா இல்ல."

அவன் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். அவள் நகரவில்லை. பீட்ரூட்டையும் நீட்டவில்லை.