கொக்கியில் அறுந்த சொல்

அவள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். ஜன்னலில்லாத அறை, ஏ.சி. சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. கொக்கி போல வளைந்த மேற்கோள் குறி என்றாலே சண்டைக்கு நிற்பாள் என்பதால் எல்லோருக்கும் அவள் கொக்கி அக்கா.

சண்டைக்குக் காரணம் இருந்தது. நோயாளிகள் இணையத்தில் நிரப்பும் படிவத்தில் யாராவது அந்தக் குறியைப் போட்டால் பழைய நிரல் சுருண்டு விழும். அவளுக்கு முன்பு இருந்தவர் ஒரு வைத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார்: குறி வந்ததும் அதற்குப் பிறகு உள்ளதையெல்லாம் வெட்டிவிடுவது. மாற்ற வேண்டும் என்று மேலாளருக்கு மூன்று முறை எழுதினாள். "ஓடுற வண்டிய ஏம்மா நோண்டுற?" என்றார்.

ஒரு பெண் தன் அப்பாவுக்காகப் படிவம் நிரப்பும்போது, பென்சிலின் ஊசி 'போடவே கூடாது' என்று கடைசி இரு சொல்லைக் குறிக்குள் போட்டு அழுத்தி எழுதினாள். வார்டுத் திரையில் வந்தது 'பென்சிலின் ஊசி' மட்டும். ஏற்கெனவே போட்டுவரும் மருந்து என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். நர்ஸ் ஊசியோடு வந்தபோது மகள் கையைப் பிடித்துத் தடுத்ததால் மனிதர் தப்பினார்.

விசாரணையில் மேலாளர் வாய் கூசாமல் சொன்னார்: "அந்தம்மா ஃபார்ம தப்பா நிரப்பியிருக்காங்க. குறி போடாதீங்கன்னு சிவப்புல ஒரு வரி சேத்துடலாம்."

கொக்கி அக்கா மேலாளரைத் தன் அறைக்கு அழைத்துப் போனாள். அவரைத் தன் திரைக்கு முன் உட்காரவைத்தாள். பழைய பதிவு எண்ணைத் தேட யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய, அந்த வெட்டு வைத்தியம் செய்யப்படாத பெட்டியில் ஒரு கொக்கியும் நாலைந்து சொல்லும் தட்டினாள். மருத்துவமனையின் நோயாளிகள் பட்டியல் முழுவதும் கொட்டியது. அதில் அவருடைய மூலநோய் சிகிச்சையும் இருந்தது.

"ஜனங்க எழுதுறத நம்ம கட்டளையோட சேத்துத் தைச்சு வெச்சிருக்கோம் சார். இந்தக் குறி தையலப் பிரிச்சிடுது. அப்புறம் அவங்க எழுதுனதே கட்டளையாயிடும்."

"இத எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

"யாருக்குத் தெரியும்?"

தன் மானம் என்றதும் அனுமதி அன்றே வந்தது. அப்படித் தைத்திருந்த இடங்கள் அறுபத்துமூன்று. ஒவ்வொன்றிலும் கட்டளையை ஒரு காலியிடம் விட்டுத் தனியாக அனுப்பும்படி நிரலை மாற்றி எழுதினாள். ஜனங்கள் எழுதியதை அந்த இடத்துக்கான வெறும் தகவலாக வேறாக அனுப்பவைத்தாள். இப்போது கொக்கி கொக்கியாகவே பதிவானது. எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பாராட்டுக் கடிதம் மேலாளருக்குப் போனது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அவள் அந்த மகளுக்கு போன் செய்தாள். "தப்பு உங்க மேல இல்லங்க. எங்க மேல."

"ஒரு மாசமா அப்பா முகத்தப் பாக்கவே கூசுச்சுங்க. தப்பா நிரப்பினேன்னு ஆஸ்பத்திரில மன்னிப்புக் கடிதம் வேற எழுதி வாங்கிட்டாங்க," என்றாள் மகள்.

கொக்கி அக்கா அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து தேடி எடுத்து, நடந்ததை எழுதி, நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினாள். கடிதத்தை ரத்து செய்தார்கள். மேலாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு.