மறுத்தவருக்காக ஒரு வரி

இதை எழுத உட்காருவேன். பெருமை பேசுவதாகிவிடுமோ என்று பயந்து பேனாவை மூடிவிடுவேன். இப்படியே பல வருடங்கள் போய்விட்டன. ஓ லெவலோடு, அதாவது பத்தாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லாமல் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை.

எனக்கு அப்போது பதினான்கு வயது. மாணவர்கள் ஒவ்வொரு நாட்டுத் தூதராக அமர்ந்து வாதாடும் மாதிரி ஐ.நா. கூட்டம், சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஒரு கல்லூரியில் நடந்தது. எங்கள் பள்ளியிலிருந்து போக வேண்டியவளுக்குக் காய்ச்சல், அகப்பட்டவள் நான். மேலதிகாரி சொல்லிப் போர்க்குற்றம் செய்த சிப்பாயைச் சர்வதேச நீதிமன்றம் தண்டிக்கலாமா என்பதுதான் வாதம்.

அதற்கு முந்தின ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து தேக்கா கடைத்தெருவில் சாப்பிடும்போது, வரைவுத் தீர்மானத்தை அப்பாவுக்குத் தமிழில் விளக்கினேன். அவர் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். பரோட்டாவைப் பிய்த்தபடியே கேட்டார்.

"செஞ்சவனுக்குத் தண்டனை, சரி. செய்யமாட்டேன்னு சொன்னவனுக்கு உங்க சட்டத்துல என்னம்மா இருக்கு?"

தேடிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. நானே ஒரு திருத்தம் எழுதினேன்: தவறான உத்தரவை மறுத்தவரைத் தண்டிக்கவோ வேலையை விட்டு நீக்கவோ கூடாது.

புதன்கிழமை மதியம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதுவரை நான் பேசிய ஒரே மைக், தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசிக்கும் மைக். தலை வணங்கி, திருத்தத்தை ஆங்கிலத்தில் தெளிவாகவே வாசித்தேன். முடிக்கும்போது, பழக்கத்தில், "இறைவா உம்மை மன்றாடுகிறோம்" என்று தமிழில் வாய் சொல்லிவிட்டது.

"ஏய், இது கோர்ட்டா சர்ச்சா லா?" என்றான் முன்வரிசைத் தமிழ்ப் பையன் ஒருவன். சிரிப்பு பரவியது. அப்போது பெற்றோர் வரிசையிலிருந்து, கோயிலில் சொல்வதுபோலவே முழுக்குரலில் ஒரு பதில்:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

என் அப்பாவின் குரல்! சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. தலைவர் மேசையைத் தட்டினார். நானோ மைக்கை விடவில்லை. "சிரியுங்கள். மறுத்தால் வேலை போகும் என்றால் உங்களில் எத்தனை பேர் மறுப்பீர்கள்?" என்று கேட்டேன். வாக்கெடுப்பில் நாட்டின் பெயர் எழுதிய அட்டைகள் வரிசை வரிசையாக உயர்ந்தன. கேலி செய்தவன் அட்டையும் உயர்ந்தது. திருத்தம் நிறைவேறியது!

ரயிலில் அப்பா முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், "ஐ.நா.வுல என் பொண்ணு சட்டம் போட்டுட்டா" என்றார். அந்த அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

வேலை நாள் மதியத்தில், பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு அப்பா எப்படி வந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்காக லீவு போட்டார் என்றே நினைத்தேன். விஷக்காற்று இருக்கிறதா என்று சோதிக்காத கப்பல் தொட்டிக்குள் ஆட்களை இறக்க மறுத்து, தேக்காவில் பரோட்டா சாப்பிட்டதற்கு முந்தின நாள், சனிக்கிழமையே அவர் வேலையை இழந்திருந்தார். அம்மா இதைச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். நான் மைக்கில் உளறியதையும் சொல்லுங்கள். அப்பா சொன்ன பதிலையும்.