நானே நீட்டிய கைபேசி

அன்று காலை தொலைக்காட்சியில் ஒரு விவாதம். கைபேசியில் யார் யாருக்கு என்ன அனுப்பினாலும், அரசு கேட்டால் திறந்து காட்ட வேண்டுமாம். தப்பு செய்யாதவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்றேன். தலை வாரிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலேயே, "அப்போ நம்ம பாத்ரூமுக்குக் கதவு இன்னாத்துக்கு நைனா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

திருப்பதியில் கல்லூரிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். தனியாகப் போகிறேன் என்றவளை நான்தான் விடவில்லை.

வழியில் பேருந்தை நிறுத்தினார்கள். செம்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து வரும் கூலிகளைத் தேடும் சோதனை. அந்த இடம் வந்தால் ஆந்திராவில் இருக்கும் புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் நாங்கள் தமிழை விட்டுத் தெலுங்குக்கு மாறிவிடுவோம். தமிழ் காதில் விழுந்தால் கூடுதலாக இரண்டு கேள்வி வருமோ என்ற பயம். காக்கிச் சட்டைக்காரர் ஆதார் மட்டும்தான் கேட்டார். மகள் கைபேசியில் காட்டினாள். போதும் என்று நகர்ந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி, வாட்ஸ்அப்பைத் திறந்து, எல்லாம் பாருங்கள் சார், எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று தெலுங்கில் சொல்லி நீட்டினேன்.

"நைனா, குடு இங்க," என்றாள். அதற்குள் கைபேசியை வாங்கியவரின் விரல் ஏதோ ஒரு குரல் பதிவில் பட்டுவிட்டது.

அவள் தோழிக்கு அனுப்பியது. பேருந்து முழுக்கக் கேட்டது.

"மார்ல கட்டி இருக்குதுடி. இன்னிக்கு ஆஸ்பத்திரில ரிசல்ட். எங்க நைனாகிட்ட மூச்சு வுட்றாத. போலீசப் பாத்தாலே நடுங்கும், இதக் கேட்டா அவ்ளோதான்."

முன் இருக்கைகளில் எங்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள். யாரும் திரும்பவில்லை, கேட்டதற்கு அதுவே சாட்சி. காக்கிச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கைபேசியை என்னிடம் தராமல் அவளிடம் கொடுத்தார்.

திருப்பதியில் கல்லூரிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்றார் டாக்டர். அவர் முன்னால் அழுதவன் நான். தண்ணீர் பாட்டிலை நீட்டியவள் அவள்.

மறுநாளே நலம் விசாரிக்கத் தெருவிலிருந்து வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அவள் கைபேசி பூட்டில்லாமல் மேஜைமேல் கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"அதுல இனிமே ஒண்ணும் இருக்காது நைனா."

தோழி வந்தால் இருவரும் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். கீழே நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். மாடிப்படி வழியாக ஒரு சொல்கூட என் காதுக்கு வந்துவிடக் கூடாது.