கன்னத்து எண்ணெய்

நான் தையற்காரன். என் கடைக்குப் பின்னால்தான் ஜவுபர் காக்காவின் பட்டறை; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். பத்தொன்பது வருடமாக அவருடைய கன்னத்தைப் பார்த்துச் சிரித்து வருகிறேன். அதில் என்ன விசேஷம் என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கள்.

கல்முனையில் இருந்துகொண்டு, விகாரைகளின் புத்தர் சிலைகளுக்குத் தங்கத் தாள் ஒட்டுகிறவர் அவர். கூட்டாளி வீரமுனைக் குணம். உருவம் குணத்தின் பங்கு. அடியிலுள்ள தாமரைப் பீடம் காக்காவின் பங்கு. "உருவத்தில நான் கை வைக்கமாட்டன்" என்று முதல்நாளே சொல்லிவிட்டார். குணமும் ஏன் என்று கேட்கவில்லை. இருவருக்கும் ஒருநாளும் சண்டை வராதது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தங்கத் தாள் மூச்சுப் பட்டாலே பறக்கும். விரலால் தொட்டால் விரலிலேயே அப்பிக்கொள்ளும். மெல்லிய பிரஷ்ஷைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்தால் தோலின் எண்ணெய் இலேசாக ஏறும். அந்தப் பிசுக்குத்தான் தாளைத் தூக்கும். குணத்துக்குக் காய்ந்த தோல். ஆகவே அவர் தேய்ப்பது காக்காவின் கன்னத்தில், தாடிக்கு மேலே இரண்டு விரல் இடத்தில். காக்காவும் பீடத்தில் வேலை செய்தபடியே முகத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

அந்த அறைக்குள் வரக் கூடாத ஒரே ஆள் காக்காவின் மனைவி லைலா ராத்தா, எங்களுக்கு அக்கா மாதிரி. பட்டறை தொடங்கிய வருடம், புழுங்குகிறது என்று, காற்றுக்காகச் சுவிட்சைத் தட்டிப் பேனைப் போட்டுவிட்டார். தாள் முழுவதும் கூரைக்குப் போனது. அன்றிலிருந்து அவர் கொண்டுவரும் சோறு வாசலோடு சரி. ராத்தாவின் கோபம் ஆறவேயில்லை. எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது.

போன மாதம் அம்பாறைப் பக்கத்து விகாரை ஒன்றின் சிலை வந்திருந்தது. முந்திய சிலையின் முகத்தில் தாள் சேர்ந்த இடம் கோடாகத் தெரிகிறது என்று அங்குள்ள தலைமைப் பிக்கு, பெரிய ஹாமதுரு, திருப்பி அனுப்பியிருந்தார். இதிலும் கோடு விழுந்தால் அந்த விகாரையின் வேலை இனிக் கொழும்புக்குத்தான். மறுநாள் போயா, பௌர்ணமி; அன்று சிலையைக் கொடுத்தாக வேண்டும். முகம் மட்டும் மிச்சம். கையில் ஏழு தாள். முகத்துக்கு ஐந்து வேண்டும். மழை ஈரத்தில், முகத்துக்குப் பூசிய பசை பதத்துக்கு வரப் பிந்தி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையும் முடிந்துவிட்டது. பின்னேர அஸர் தொழுகைக்குள் ஒட்டாவிட்டால் பசை இறுகிவிடும்.

பள்ளிவாசலால் வந்த காக்கா கன்னத்தைக் கொடுத்தார். குணம் தேய்த்தார். தாள் அசையவில்லை.

"என்ன காக்கா, சவர்க்காரம் போட்டா?"

"ஜும்ஆக்குக் குளிச்சது, மறுகா தொழ முகம் கழுவி வுழூவும் எடுத்தது. மிச்சம் என்ன இரிக்கும்?"

குணத்துக்கோ வெள்ளி விரதம். தலைமுழுகி, நெற்றி நிறையத் திருநீறு. நானும் பள்ளிவாசலில் கழுவித் துடைத்த முகத்தோடு நின்றேன். மூன்று முகத்திலும் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை!

குணம் தேங்காயெண்ணெய் தொட்டுப் பார்த்தார். அது கூடிப்போய், தாள் பிரஷ்ஷிலேயே சுருண்டது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார், அதுவும் கிழிந்தது. மிச்சம் ஐந்து. குணம் பிரஷ்ஷைத் துணியில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அப்போது வாசலில் சோற்றோடு ராத்தா. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்ற முகம் மினுமினுத்தது. காக்கா அந்த முகத்தைப் புதுமாப்பிள்ளை மாதிரிப் பார்த்தார்.

"உள்ளுக்கு வா புள்ள."

"ஏன், பேன் போடவா?"

"மூச்சு விடாம வா."

குணத்திடமிருந்து பிரஷ்ஷை வாங்கி, தன் கையாலேயே மனைவியின் கன்னத்தில் தேய்த்தார்.

"சீ, மனிசர் பாத்துக்கிட்டு நிக்காங்க" என்றார் ராத்தா. நான் சுவரைப் பார்த்தேன். குணம் சிலையைப் பார்த்தார். காக்கா நீட்டிய பிரஷ்ஷைக் குணம் வாங்கித் தாளில் வைத்ததும் தாள் எழும்பியது. ஐந்து தடவையும் எழும்பியது.

மறுநாள் விடியவே ஹாமதுரு வந்தார். சிலையை ஜன்னல் பக்கம் திருப்பி, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். கோடே இல்லையே, எப்படி என்று சிங்களத்தில் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத குணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஹாமதுரு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மா எங்கே என்றார்.

ராத்தா வாசலில்தான் நின்றார். பழக்கம்.

"வாங்க ராத்தா" என்று குணம் கூப்பிட்டார். ராத்தா உள்ளே வந்து, பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"புழுங்குது" என்றார்.

ஜவுபர் காக்கா எழும்பிப் போய்த் தன் கையாலேயே பேனைப் போட்டுவிட்டார்.